கூட்ஸ் வண்டிதான் இந்த ஊரின் கடிகாரம்! - ஒரு காகித மில் ஊரின் ரயில் நினைவுகள்

கூட்ஸ் வண்டியை வழியனுப்ப யாரும் ஸ்டேஷனுக்கு வருவதில்லை. அதற்காகப் பூ வாங்குவதில்லை, கையசைப்பதில்லை. ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டால், 'இது எப்போ முடியும்' என்று சலித்துக்கொள்வோம். பின்சீட்டில் இருக்கும் குழந்தை மட்டும் 'முப்பத்தெட்டு... முப்பத்தொன்பது...' என்று உற்சாகமாகப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருக்கும்.

அந்தக் குழந்தையைப் போலவே ஒரு ஊர் மொத்தமும் கூட்ஸ் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தது என்றால் நம்புவீர்களா? காலி வேகன்கள் நிறைய உள்ளே போனால் மில்லில் நிறைய ஆர்டர் என்று அர்த்தம். வேகன்கள் நகராமல் நின்றால் வீட்டில் கவலை. இன்று அந்த ஊரில் மில் இல்லை. ரயில் பாதையின் சொந்தக்காரர்கள் பலமுறை மாறிவிட்டார்கள். ஆனாலும் அந்தப் பக்கத்து மனிதர்கள் பழைய கூட்ஸ் வண்டிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், கனடாவை ஒட்டி இருக்கிற மெய்ன் மாநிலத்தின் மிலினாக்கெட் என்ற சிற்றூர் அது.

ஊருக்கு முன்னால் வந்த ரயில்

வழக்கமாக ஊர் முதலில் வரும், ரயில் பிறகு வரும். மிலினாக்கெட்டில் தலைகீழ்! பாங்கர் அண்ட் அரூஸ்டுக் என்ற ரயில்வே கம்பெனி 1891-ல் தொடங்கப்பட்டது. வடக்கே அரூஸ்டுக் மாவட்டத்தில் விளையும் உருளைக்கிழங்கையும் மரத்தையும் தெற்கே கொண்டுவருவதுதான் அதன் நோக்கம். 1894 வாக்கில் அதன் தண்டவாளம் அடர்ந்த காட்டைக் கடந்து வடக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. வழியில் மிலினாக்கெட் என்று சொல்லிக்கொள்ள ஊர் எதுவும் கிடையாது. காடு, ஏரி, ஓடை, தூரத்தில் கட்டாடின் மலை. அவ்வளவுதான்.

அந்தக் காட்டில் சார்லஸ் மல்லன் என்ற இன்ஜினீயர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். பெனாப்ஸ்காட் ஆற்றின் மேற்குக் கிளைத் தண்ணீரை இங்கே திருப்பிவிட்டால், நூறு அடிக்கு மேல் உயரத்திலிருந்து அது விழும். அந்த விசையில் பெரிய பெரிய இயந்திரங்களை ஓட்டலாம். தண்ணீர் இருக்கிறது, மரம் இருக்கிறது, சரக்கை வெளியே கொண்டுபோக ரயிலும் பக்கத்திலேயே இருக்கிறது. காகித மில்லுக்கு வேறு என்ன வேண்டும்?

காகிதத் தொழிலில் அனுபவசாலியான காரெட் ஷெங்க் என்பவர் இந்த யோசனையைக் கையில் எடுத்தார். கிரேட் நார்தர்ன் பேப்பர் கம்பெனி பிறந்தது. 1899-ல் கட்டுமானம் தொடங்கியது. இத்தாலியிலிருந்து வந்த கல்தச்சர்களும், போலந்து, ஃபின்லாந்து என்று பல நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்களும் காட்டுக்குள் கூடாரம் அடித்து வேலை பார்த்தார்கள். செங்கல், சிமென்ட், இயந்திரங்கள், அரிசி மூட்டைக்கு நிகரான அவர்களுடைய மாவு மூட்டை வரை எல்லாமே ரயிலில்தான் வந்து இறங்கின.

1900 நவம்பரில் முதல் காகிதம் வெளியே வந்தது. அன்றைய உலகின் மிகப்பெரிய நியூஸ்பிரின்ட் மில் அது! மந்திரம் போட்டதுபோலக் காட்டுக்குள் திடீரென ஊர் முளைத்துவிட்டதால், 'மேஜிக் சிட்டி' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். 1901-ல் அது முறைப்படி ஊராட்சியானது. 1907-ல் சில மைல் தள்ளி, ஈஸ்ட் மிலினாக்கெட்டில் இன்னொரு மில்லும் ஓடத் தொடங்கியது.

உள்ளே போவது ஒன்று, வெளியே வருவது ஒன்று

காகித மில் என்றால் மரம் மட்டும்தான் உள்ளே போகும் என்று நினைக்கிறோம். அந்த மில்லின் வாசலில் நின்று வேகன்களைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அது எவ்வளவு பெரிய பசி என்று.

மரத்தை வேகவைத்துக் கூழாக்குவதற்கான அமிலம் தயாரிக்க கந்தகமும் சுண்ணாம்புக்கல்லும் வேண்டும். கொதிகலனுக்கு நிலக்கரி, பிற்காலத்தில் எண்ணெய். வழவழப்பான தாள் தயாரிக்கத் தொடங்கியபிறகு வெள்ளைக் களிமண். இயந்திரங்களின் உதிரிப் பாகங்கள். இவை எல்லாம் உள்ளே. வெளியே வருவது காகித ரோல் மட்டும். ஒவ்வொரு ரோலும் அரை டன்னுக்கு மேல் எடை!

இந்த ரோலை வேகனில் ஏற்றுவது ஒரு தனிக் கலை. பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும் ரோல், உண்மையில் கண்ணாடிப் பாத்திரத்தைப் போன்றது. வேகனுக்குள் ஒரு ஆணி நீட்டிக்கொண்டிருந்தாலும் பத்துச் சுற்றுக் காகிதம் கிழிந்துவிடும். கூரையில் சின்ன ஓட்டை இருந்தாலும் ஈரம் இறங்கிவிடும். வண்டி குலுங்கி ரோல் நசுங்கி, வட்டம் சற்றே கோணலாகிவிட்டால் அதைவிட மோசம். பத்திரிகை அச்சகத்தில் இயந்திரம் முழு வேகத்தில் ஓடும்போது காகிதம் அறுந்துபோகும். நள்ளிரவில், பேப்பர் வெளியாக வேண்டிய நேரத்தில் அச்சு நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்!

அதனால் மில்லுக்கு வருகிற ஒவ்வொரு வேகனையும் சோதிப்பார்கள். தரை வழவழப்பாக இருக்கிறதா, முன்னால் ஏற்றிய சரக்கின் அழுக்கோ நாற்றமோ இருக்கிறதா, கதவு சரியாக மூடுகிறதா என்று பார்ப்பார்கள். சரியில்லை என்றால் அந்த வேகன் திரும்பிப்போக வேண்டியதுதான். நல்ல, சுத்தமான மூடு வேகன்களைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்து நிறுத்துவது ரயில்வேக்காரர்களின் தினசரித் தலைவலி. யார்டில் ஷன்டிங் பார்க்கிற டிரைவரிடம் எதிர்பார்த்தது ஒன்றுதான்: வேகனை வேகனோடு இடிக்காமல், தொட்டிலை ஆட்டுவதுபோலச் சேர்க்க வேண்டும்.

ஏற்றி முடித்த வேகன்கள் தெற்கே நார்தர்ன் மெய்ன் ஜங்ஷனுக்குப் போகும். பாங்கர் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஜங்ஷனில் மெய்ன் சென்ட்ரல் ரயில்வேயிடம் கைமாறி, பாஸ்டன், நியூயார்க் பக்கம் போய்ச்சேரும். 1905-ல் ஸியர்ஸ்போர்ட் துறைமுகம் வரை தனிப் பாதையும் போட்டுவிட்டார்கள். நிலக்கரி கப்பலில் வந்து இறங்கி ரயிலில் மேலே போகும். காகிதம் ரயிலில் கீழே வந்து கப்பல் ஏறும்.

காலையில் நகரத்து மனிதர் காபி குடித்துக்கொண்டே செய்தித்தாள் பிரிக்கிறாரே, அந்தத் தாள் முன்பு மெய்ன் காட்டில் மரமாக நின்றிருக்கும்!

உருளைக்கிழங்குக்கு ஹீட்டர்!

இந்த ரயில்வேக்கு இரண்டு கால்கள். ஒன்று காகிதம். இன்னொன்று உருளைக்கிழங்கு. 1940-களில் அமெரிக்காவிலேயே அதிகமாக உருளைக்கிழங்கு விளைந்த மாநிலம் மெய்ன்தான். அறுவடைக் காலத்தில் அரூஸ்டுக் மாவட்டப் பள்ளிகளுக்கு லீவு விட்டுவிடுவார்கள். பிள்ளைகள் வயலில் இறங்கிக் கிழங்கு பொறுக்கிக் கூடையில் போடுவார்கள். அந்தக் கூலியில்தான் குளிர்காலத்துக்குக் கோட்டும் ஷூவும்.

கிழங்கைக் கிடங்கில் வைத்துக் குளிர்காலம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புவார்கள். அங்கேதான் சிக்கல். மெய்னில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரியைத் தொடும். உறைந்துபோன கிழங்கு, பனி இளகியதும் கூழாகிவிடும். எனவே, வேகனின் சுவருக்குள் குளிர் புகாதபடி திணிப்பு வைத்து, உள்ளே ஹீட்டரும் வைத்தார்கள். முதலில் கரி அடுப்பு, பிறகு ஆல்கஹாலில் எரியும் ஹீட்டர். வழியில் வண்டி நிற்கும் இடங்களில் ஆட்கள் ஏறி, ஹீட்டர் அணைந்துவிடவில்லையே என்று பார்க்க வேண்டும். கொட்டும் பனியில் ஒவ்வொரு வேகனாகப் போய் உருளைக்கிழங்குக்குக் கணப்பு மூட்டிய வேலை அது!

குளிர்பதன வேகன்களுக்கு மெய்னில் வேலை குளிர்காலத்தில் மட்டும்தான். கலிஃபோர்னியாவில் பழமும் காய்கறியும் விளைவது கோடையில். அதனால் 1950-களில் பசிபிக் ஃப்ரூட் எக்ஸ்பிரஸ் கம்பெனியோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். கோடையில் மெய்ன் வேகன்கள் அங்கே போகும். குளிர்காலத்தில் அவர்களுடைய வேகன்கள் இங்கே வரும். இரண்டு வீட்டுக்காரர்கள் அண்டாவை மாற்றி மாற்றி இரவல் வாங்கிக்கொள்வதுபோலத்தான்.

பொம்மைக் கடைக்குப் போன வேகன்

இந்தச் சிறிய ரயில்வே அமெரிக்கா முழுக்கப் பேர் வாங்கியது ஒரு பெயின்ட் வேலையால். 1950 வாக்கில் தன் மூடு வேகன்களில் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று பட்டை அடித்தது. 'ஸ்டேட் ஆஃப் மெய்ன்', 'ப்ராடக்ட்ஸ்' என்று பெரிய எழுத்துகள். கறுப்பும் பழுப்புமாகப் போகிற கூட்ஸ் வண்டிக்கு நடுவில் இப்படி ஒரு வேகன் வந்தால் கண் தானாகப் போகுமா, போகாதா? காகிதமும் கிழங்கும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போன நடமாடும் விளம்பரப் பலகை அது.

பொம்மை ரயில் தயாரிப்பில் புகழ்பெற்ற லயனல் கம்பெனி 1950-களில் அதே மூவர்ண வேகனைப் பொம்மையாகச் செய்து விற்றது. மெய்ன் பக்கம் தலைவைத்தே படுக்காத எத்தனையோ குழந்தைகளின் வீட்டுக் கூடத்தில் அந்த வேகன் வட்டமாகச் சுற்றிவந்தது. அந்தக் குழந்தைகள் இன்று தாத்தாக்கள். பழைய பொம்மை ரயில் சேகரிப்பவர்களிடம் அதற்கு இன்னும் கிராக்கி உண்டு.

இன்ஜின் விஷயத்திலும் இந்த ரயில்வேக்குத் தனி ருசி. 1949-ல் பிஎல்-2 என்ற டீசல் இன்ஜின்களில் எட்டை வாங்கியது. பெட்டியுமில்லாமல், வளைவுமில்லாமல், சரிந்த உடம்போடு இருந்த அந்த இன்ஜினை 'அவலட்சணம்' என்று கேலி செய்தவர்கள் அதிகம். அமெரிக்கா முழுவதற்கும் சேர்த்தே அறுபதுக்கும் குறைவாகத்தான் தயாரித்தார்கள். மற்ற கம்பெனிகள் ஓரங்கட்டிய பிறகும், பாங்கர் அண்ட் அரூஸ்டுக் அதைப் பத்திரமாகப் பராமரித்துப் பல வருடம் ஓட்டியது. அவலட்சணம் என்று சொன்னவர்களே பிற்பாடு கேமராவைத் தூக்கிக்கொண்டு அதைத் தேடி மெய்ன் வந்தார்கள்! 1951-ல் நீராவி இன்ஜின்களும், 1961-ல் பயணிகள் ரயில்களும் நின்றன. அதன்பிறகு அது முழுக்க முழுக்கக் கூட்ஸ் ரயில்வே.

காட்டுக்குள் தனியாக நிற்கும் இரண்டு இன்ஜின்கள்

மிலினாக்கெட் மில்லோடு சம்பந்தப்பட்ட இன்னொரு ரயில் இருந்தது. இதைக் கேட்டால் கதை என்றுதான் தோன்றும்.

மில்லுக்கு வேண்டிய மரத்தைப் பெனாப்ஸ்காட் ஆற்றில் மிதக்கவிட்டுத்தான் கொண்டுவந்தார்கள். ஆனால், வடக்கே ஈகிள் ஏரிப் பக்கம் வெட்டிய மரம் ஆற்றின் போக்கில் விட்டால் வேறு திசையில் போய்விடும். அதைப் பெனாப்ஸ்காட் பக்கம் திருப்ப, நடுக்காட்டில் பதின்மூன்று மைல் நீளத்துக்கு ஒரு ரயில் பாதை போட்டார் கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்த எட்வார்ட் லாக்ருவா. 1927-ல் அது ஓடத் தொடங்கியது. வேறெந்த ரயில் பாதையோடும் அதற்குத் தொடர்பு கிடையாது. இரண்டு பெரிய நீராவி இன்ஜின்களையும் உறைபனிக் காலத்தில், பனியின் மேல் இழுத்துக்கொண்டுதான் வந்து சேர்த்தார்கள்!

வேகன்களின் தரையை ஒரு பக்கமாகச் சாய்த்து அமைத்திருந்தார்கள். ஏரிக்கரையில் நிறுத்திப் பக்கவாட்டுக் கதவைத் திறந்தால் மரக்கட்டைகள் தாமாக உருண்டு தண்ணீரில் விழும். அங்கிருந்து மிதந்து மில்லுக்கு.

1929-ல் அமெரிக்கப் பொருளாதாரம் விழுந்தது. காகிதத்துக்கான தேவையும் சரிந்தது. 1933-ல் இந்த ரயிலும் நின்றுபோனது. இன்ஜின்களைத் திரும்ப எடுத்துப்போக ஆகும் செலவு, அவற்றின் விலையைவிட அதிகம் என்று ஷெட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். 1969-ல் ஷெட்டும் எரிந்துபோனது. 1897-ல் தயாரான ஒரு இன்ஜின், 1901-ல் தயாரான இன்னொன்று. இரண்டும் மேலே கூரையில்லாமல், சுற்றிலும் மரங்கள் வளர்ந்து நிற்க, இன்றைக்கும் அதே இடத்தில் இருக்கின்றன. சாய்ந்துகொண்டிருந்தவற்றைத் தன்னார்வலர்கள் நிமிர்த்தி வைத்தார்கள். கோடையில் படகில், நடந்து, குளிர்காலத்தில் பனி ஸ்கூட்டரில் என்று மக்கள் தேடிப்போய்ப் பார்க்கிறார்கள்.

ஒவ்வொன்றாய் நழுவியது

ஒரே நாளில் எதுவும் முடிந்துவிடவில்லை. கயிறு இழை இழையாகத்தான் அறுந்தது.

முதலில் உருளைக்கிழங்கு போனது. 1969-70 குளிர்காலம். மெய்ன் கிழங்கு நியூயார்க் பக்கம் போய்ச்சேர, வழியில் பென் சென்ட்ரல் என்ற மாபெரும் ரயில்வேயின் கைக்கு மாற வேண்டும். இரண்டு பெரிய கம்பெனிகளை இணைத்து உருவான அந்த ரயில்வே அப்போது தள்ளாடிக்கொண்டிருந்தது. யார்டுகளில் வேகன்கள் நாள்கணக்கில் தேங்கின. ஹீட்டரில் எரிபொருள் தீர்ந்தது. கிழங்கு உறைந்து பாழானது. ஒரு வருட உழைப்பைப் பறிகொடுத்த விவசாயிகள் அடுத்த வருடம் லாரியைக் கூப்பிட்டார்கள். போனவர்கள் திரும்பவே இல்லை. பாங்கர் அண்ட் அரூஸ்டுக் தன் பங்குக்கு ஒழுங்காகக் கொண்டுபோய்த்தான் கொடுத்தது. யாரோ செய்த தாமதத்துக்கு இது தண்டனை அனுபவித்தது.

அடுத்தது மரம். பெனாப்ஸ்காட்டின் மேற்குக் கிளையில் மரம் மிதக்கவிடுவது 1971-ல் நின்றது. அதற்குப் பதிலாகக் கம்பெனியே காட்டுக்குள் ஏறத்தாழ 96 மைல் நீளத்துக்கு 'கோல்டன் ரோடு' என்ற தனிச் சாலை போட்டது. ராட்சத லாரிகள் மரத்தை நேராக மில்லுக்கே கொண்டுவந்தன. லாரி வந்தபிறகு காகிதமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாலைக்கு இறங்கியது. 'நாளைக்கே வேண்டும்' என்கிற வாடிக்கையாளரிடம் ரயில் போட்டிபோட முடியவில்லை.

1980-களில் கூட்ஸ் வண்டியின் கடைசியில் வரும் கார்டு பெட்டியும் மறைந்தது. அதற்குப் பதில் கடைசி வேகனில் சிவப்பு விளக்கோடு ஒரு சின்னக் கருவி. கேட்டில் நின்று, கடைசிப் பெட்டியில் நிற்கிற கார்டுக்குக் கையசைத்துப் பழகிய குழந்தைகளுக்கு, கையசைக்க ஆள் இல்லாமல் போனது அப்போதுதான்.

ஒரு டாலருக்கு மில்!

கிரேட் நார்தர்னின் உச்ச காலத்தில் இரண்டு மில்களிலும் சேர்த்து நாலாயிரம் பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். பள்ளிப் படிப்பு முடித்த கையோடு மில்லில் சேரலாம்; சொந்த வீடு, ஏரிக்கரையில் ஒரு குடில், பிள்ளைகளுக்குக் கல்லூரி என்று நிம்மதியாக வாழலாம். கந்தக நெடி ஊரையே சூழ்ந்திருக்கும். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்தினால், 'அது காசு வாசனை' என்பார்கள். அமெரிக்கக் காகித மில் ஊர்கள் எல்லாவற்றிலும் வழங்கும் பேச்சு இது.

1990-க்குப் பிறகு கம்பெனி கைமாறிக் கைமாறிப் போனது. செய்தித்தாள் படிப்பவர்கள் குறையத் தொடங்கினார்கள். மில்லின் பழைய இயந்திரங்களைப் புதுப்பிக்கப் பணம் போட ஆள் இல்லை. 2003 ஜனவரியில் கிரேட் நார்தர்ன் திவாலானது. அதே நேரத்தில், ஏற்கெனவே திவாலாகியிருந்த பாங்கர் அண்ட் அரூஸ்டுக் ரயில்வேயும் மான்ட்ரியல் மெய்ன் அண்ட் அட்லான்டிக் என்ற புதிய கம்பெனிக்கு விற்கப்பட்டது. நூறு வருடத்துக்கும் மேலாக ஜோடியாக நடந்த இருவர், கிட்டத்தட்ட ஒன்றாகவே விழுந்தார்கள்.

புதிய முதலாளிகள் வந்தார்கள், முயன்றார்கள். மிலினாக்கெட் மில் 2008-ல் நின்றது. ஈஸ்ட் மிலினாக்கெட் மில் 2011-ல் ஒரு டாலர் விலைக்குக் கைமாறி மறுபடி ஓடியது. உலகமே பரபரப்பாக வாங்கிய 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே' நாவலுக்கான தாளைக்கூட அங்கே தயாரித்தார்கள். ஆனால், 2014-ல் அதுவும் நின்றது. 1970-ல் 7,700 பேருக்கு மேல் வாழ்ந்த மிலினாக்கெட்டில் 2020 கணக்கெடுப்பின்போது இருந்தவர்கள் 4,100 சொச்சம்தான்.

நாற்பத்தேழு உயிர்கள்

காகிதமும் மரமும் குறைந்துபோன ரயில்வே வேறு சரக்கைத் தேடியது. கிடைத்தது கச்சா எண்ணெய். 2013 ஜூலை 6, நள்ளிரவு தாண்டிய நேரம். 72 டேங்கர் வேகன்களோடு கியூபெக்கில் ஆளில்லாமல் நிறுத்திவைக்கப்பட்டிருந்த அந்த ரயில்வேயின் எண்ணெய் வண்டி, தானாக உருண்டு, சரிவில் வேகமெடுத்து, லாக் மெகாந்திக் ஊரின் நடுவே தடம்புரண்டு வெடித்தது. 47 பேர் இறந்துபோனார்கள். முன்பெல்லாம் கூட்ஸ் வண்டியில் டிரைவர், உதவியாளர், கார்டு என்று நாலைந்து பேர் இருப்பார்கள். அந்த வண்டிக்கு இருந்தது ஒரே ஒரு டிரைவர்.

பழைய ரயில் நினைவுகளைப் பேசுகிறவர்கள் இந்த இடத்துக்கு வந்தால் குரல் தணிந்துவிடும். ஏனென்றால், அவர்கள் நினைத்து ஏங்குவது வெறும் பெயின்ட்டையும் ஹாரன் சத்தத்தையும் மட்டுமல்ல. வண்டியைச் சுற்றிப் போதுமான ஆட்கள் இருந்த காலத்தையும்தான்.

எல்லாமே இனிமையா?

இல்லை. அந்தக் காலத்தை முழுக்கத் தங்கமுலாம் பூசிப் பார்க்க வேண்டியதில்லை. கடும் குளிரில் வேகன் ஏணியில் தொங்கிக்கொண்டு வேலை பார்ப்பது விளையாட்டல்ல. ரயில்வே யார்டில் கை, கால் இழப்பது அன்று அரிதும் அல்ல. காகித மில்களின் கழிவு பெனாப்ஸ்காட் ஆற்றைப் பல தலைமுறைக்குக் கெடுத்தது. அந்த ஆற்றின் பெயரையே தங்கள் பெயராகக் கொண்ட பெனாப்ஸ்காட் பழங்குடி மக்கள்தான் கீழ்க்கரையில் வாழ்கிறார்கள். மீன் அவர்களுடைய உணவு. ஊர் முழுக்க ஒரே மில்லை நம்பியிருந்ததும் நல்லதல்ல. மில் தும்மினால் ஊருக்கே ஜுரம்.

ஆனாலும் ஏக்கம் ஏன் போகவில்லை? தாங்கள் செய்த பொருள் எங்கே போகிறது என்பதை அந்த மனிதர்கள் கண்ணால் பார்த்தார்கள். ராத்திரி ஷிஃப்ட்டில் அப்பா சுற்றிய காகித ரோல், காலையில் மகன் எண்ணிய வேகனில் போனது. அந்த வண்டியை ஓட்டியவர் பக்கத்துத் தெரு மாமா. வேலை, வீடு, ஊர், உலகம் எல்லாவற்றையும் ஒரே தண்டவாளம் இணைத்தது. 'நாங்கள் யாருக்கோ வேண்டியவர்களாக இருக்கிறோம்' என்பதை ஒவ்வொரு நாளும் அந்த ஹாரன் சொல்லிவிட்டுப் போனது. அது நின்ற பிறகுதான் ஊருக்கு அது கேட்டது.

இப்போது என்ன நடக்கிறது?

மிலினாக்கெட்டிலிருந்து வடக்கே மடவாஸ்கா வரையிலான 233 மைல் பாதையை ரயில்வே கம்பெனி கைவிடப்போவதாக அறிவித்தபோது, மெய்ன் மாநில அரசே 2010-ல் சுமார் 2 கோடி டாலர் கொடுத்து அதை வாங்கிக்கொண்டது. 'ஒருமுறை தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டால் திரும்பப் போட முடியாது' என்ற பயம்தான் காரணம். மரமும் மர சாமான்களும் ஏற்றிய கூட்ஸ் வண்டிகள் அதில் இன்னும் ஓடுகின்றன. தெற்குப் பாதை 2020-ல் கனடியன் பசிபிக் கைக்குப் போனது.

ஓக்ஃபீல்டு என்ற ஊரில் பழைய ஸ்டேஷன் கட்டடத்தை உள்ளூர் மக்கள் மியூசியமாக வைத்திருக்கிறார்கள். விளக்கு, போர்டு, போட்டோக்கள், ஒரு கார்டு பெட்டி எல்லாம் அங்கே பத்திரமாக இருக்கின்றன. கைவிடப்பட்ட கிளைப் பாதைகள் சில, சைக்கிளும் பனி ஸ்கூட்டரும் போகிற பாதைகளாகிவிட்டன.

மிலினாக்கெட் மில் நின்ற ஏறக்குறைய 1,400 ஏக்கர் நிலத்தை 'அவர் கட்டாடின்' என்ற உள்ளூர் தொண்டு அமைப்பு 2017-ல் ஒரு டாலருக்கு வாங்கியது. புதிய தொழில்களைக் கொண்டுவரும் முயற்சி நடக்கிறது. 2015 முதல் டிசம்பர் மாதக் குளிரில் ஒரு மாரத்தான் நடத்துகிறார்கள். அதற்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. 'அந்தப் பணத்தை எங்கள் ஊர்க் கடைகளில் செலவழியுங்கள், போதும்' என்பதுதான் வேண்டுகோள். காகிதம் வாங்க வந்த உலகம், இப்போது கட்டாடின் மலை ஏறவும் ஓடவும் வருகிறது.

நம் வீட்டிலும் மில்லில், ரயில்வேயில், துறைமுகத்தில் வேலை பார்த்த ஒரு பெரியவர் இருக்கக்கூடும். அடுத்தமுறை பார்க்கும்போது, 'உங்க காலத்துல அந்த வண்டியில என்ன தாத்தா ஏத்துவாங்க?' என்று கேட்டுப் பாருங்கள். போனில் ரெக்கார்டரை ஆன் செய்துவிட்டுக் கேட்டால் இன்னும் நல்லது. ஸ்டேஷனில் வழியனுப்ப யாரும் வராத அந்த வண்டிகளுக்கு, நாம் செய்யக்கூடிய மரியாதை அதுதான்.